யூஆர்எல்லில் மொழியை எங்கே வைப்பது?

கோவையில் ஒரு கண் மருத்துவமனைக்கு முன்பதிவு ஆப் செய்து கொடுத்தோம். தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மூன்று மொழிகள். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து நிறையப் பேர் வருவதால் மலையாளம் இல்லாமல் முடியாது. மேலே வலது மூலையில் மொழி மாற்றும் பட்டன் இருந்தது. அழுத்தினால் பக்கம் மாறும், தேர்ந்த மொழி குக்கியில் (பிரவுசர் சேமித்து வைக்கும் சிறு குறிப்பு) பதிவாகும், யூஆர்எல் (பக்கத்தின் முகவரி) மட்டும் அப்படியே இருக்கும். டெஸ்ட் செய்தபோது ஒரு குறையும் தெரியவில்லை.

வெளியிட்டு இரண்டு வாரம் இருக்கும். ரிசப்ஷனிலிருந்து போன் வந்தது. ஒரு பெண், அறுவை சிகிச்சைக்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தைத் தன் போனில் தமிழில் படித்துவிட்டு, பொள்ளாச்சியில் இருக்கும் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பியிருக்கிறார். அம்மா திறந்தால் ஆங்கிலம். “ஏங்கண்ணு, எல்லாம் இங்கிலீஷ்லயே வருதே” என்று அவர் கேட்க, “இல்லம்மா, தமிழ்லதான் இருக்கு, நல்லாப் பாருங்க” என்று இவர் சொல்ல, இரண்டு பேர் சொன்னதும் உண்மை. முந்தைய நாளே தொடங்கியிருக்க வேண்டிய சொட்டு மருந்தைத் தொடங்காமலே அந்த அம்மா வந்துவிட்டார். அறுவை சிகிச்சை தள்ளிப்போனது.

அந்தத் தவறு முழுக்க எங்களுடையது. அன்றிலிருந்து பலமொழித் தளம் எதைத் தொட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இந்த லிங்க்கை வேறொருவர் தன் போனில் திறந்தால் அதே மொழியில் திறக்குமா? கீழே வரும் வழிகள் எல்லாவற்றையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

ஒரு சின்ன ஏற்பாடு. மொழிக் குறியீடுகளை இங்கே ஒலிப்பிலேயே எழுதுகிறேன். தமிழுக்கு டிஏ, மலையாளத்துக்கு எம்எல், ஆங்கிலத்துக்கு இஎன். ஐஎஸ்ஓ 639-1 தரத்தில் உள்ள இரண்டெழுத்துக் குறியீடுகள் இவை.

யூஆர்எல்லில் மொழியே இல்லாமல்

நாங்கள் முதலில் செய்தது இது. குக்கி இருந்தால் அதைப் பார்ப்பது, இல்லையென்றால் எந்த மொழி வேண்டும் என்று பிரவுசர் அனுப்பும் குறிப்பான ‘அக்செப்ட்-லாங்குவேஜ்’ ஹெடரைப் பார்ப்பது. எழுதுவது மிகச் சுலபம். யூஆர்எல்லும் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த ஹெடர் சொல்வது போனின் செட்டிங் எந்த மொழியில் இருக்கிறது என்பதை. நான் பார்த்த வரையில், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்களின் போன்கூட, கடைக்காரர் வைத்துக் கொடுத்த ஆங்கில செட்டிங்கிலேயே இருக்கிறது. அந்தப் பொள்ளாச்சி அம்மாவின் போனும் அப்படித்தான்.

தேடுபொறிப் பிரச்சினை அடுத்தது. கூகுளின் பாட் (தளங்களைப் படித்துப் போகும் தானியங்கி) பக்கத்தைக் கேட்கும்போது அக்செப்ட்-லாங்குவேஜ் ஹெடர் அனுப்புவதில்லை, குக்கியையும் வைத்துக்கொள்வதில்லை. அதனால் நம்முடைய இயல்பு மொழிப் பக்கம், அதாவது எதையும் தேர்ந்தெடுக்காதபோது வரும் மொழியில் உள்ள பக்கம், மட்டும் அதற்குத் தெரியும். உட்கார்ந்து மொழிபெயர்த்த தமிழ்ப் பக்கங்கள் தேடலில் இல்லவே இல்லை என்றாகிவிடும்.

சிடிஎன் (பக்கங்களின் நகலைப் பல இடங்களில் வைத்துக் கொடுக்கும் சர்வர்கள்) வைத்திருந்தால் இன்னும் மோசம். ஒரே யூஆர்எல்லுக்கு மூன்று உள்ளடக்கம் இருப்பது அந்த நகல் கிடங்கான கேஷுக்குத் தெரியாது. முதலில் வந்தவர் மலையாளத்தில் கேட்டிருந்தால் அடுத்து வருகிற எல்லோருக்கும் மலையாளம் போகும். எதைப் பொறுத்து நகல் மாறும் என்று சொல்லும் ‘வேரி’ ஹெடர் போட்டுத் தடுக்கலாம்தான். ஆனால் குக்கியை வைத்து வேரி செய்தால் ஒவ்வொருவரின் குக்கியும் வேறு வேறு என்பதால் கேஷ் இருந்தும் இல்லாத கணக்கு.

அதற்காக இந்த வழியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. லாகின் செய்த பிறகு வரும் திரைகளுக்கு இது சரியானது. அங்கே மொழி என்பது ஆளின் விருப்பம், பக்கத்தின் குணம் இல்லை. மருத்துவமனை ஊழியர்கள் பயன்படுத்தும் திரைகளில் இன்றும் எங்களுக்கு மொழி முன்னொட்டு (முகவரியில் முன்னால் ஒட்டும் மொழிக் குறியீடு) கிடையாது. நர்ஸ் ஒருவர் டாக்டருக்கு அனுப்பும் லிங்க், டாக்டர் தேர்ந்து வைத்த மொழியில் திறப்பதுதான் அங்கே நியாயம்.

கேள்விக்குறிக்குப் பின்னால்

யூஆர்எல்லின் கடைசியில் கேள்விக்குறி போட்டு, ‘லாங்’ சமம் டிஏ என்று சேர்ப்பது அடுத்த வழி. கூகுளின் சேவைகள் பலவற்றில் ‘எச்எல்’ என்ற பெயரில் இதைப் பார்க்கலாம். லிங்க் பகிரும் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது, எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று முடிவு செய்யும் ரௌட்டரைத் தொட வேண்டியதில்லை. பழைய ஆப்பில் அவசரமாக ஒரு மொழியைச் சேர்க்க இதுவே போதுமே என்று தோன்றும்.

ஆனால் இது மெல்ல மெல்லக் கழன்றுவிடும். பக்கத்தில் உள்ள ஒவ்வொரு லிங்க்கிலும் அதை மறக்காமல் ஒட்ட வேண்டும். ஒன்றில் விட்டுப்போனாலும் அங்கிருந்து மொழி மாறிவிடும். முன்பு இன்னொரு தளத்தில் இப்படி ஆனது. டாக்டர் பெயரைத் தேடும் படிவம், நிரப்பியதை யூஆர்எல்லிலேயே அனுப்பும் ‘கெட்’ முறையில் போகிறது. படிவம் போய்ச் சேரும் ஆக்ஷன் யூஆர்எல்லில் மொழியை ஒட்டியிருந்தார்கள். கெட் படிவத்தை அனுப்பும்போது பிரவுசர் ஆக்ஷனில் இருக்கும் கேள்விக்குறிப் பகுதியை எடுத்துவிட்டு, படிவத்தின் புலங்களை அந்த இடத்தில் வைக்கும். தமிழ்ப் பக்கத்தில் தேடினால் முடிவு ஆங்கிலத்தில் வந்தது. மறைபுலம் ஒன்று சேர்த்துச் சரிசெய்தார்கள். அப்புறம் வடிகட்டி, அடுத்த பக்கம் போகும் பட்டன் என்று ஒவ்வொன்றாக அதே கதை. மொழிக்கு யூஆர்எல் பாராமீட்டர் வேண்டாம் என்பதே கூகுளின் வழிகாட்டுதலும்.

சப்டொமைன், தனி டொமைன்

சப்டொமைன் என்றால் டொமைனுக்கு முன்னால் இன்னொரு பெயர் சேர்ப்பது. அதற்கு விக்கிப்பீடியாவைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, டிஏ என்ற சப்டொமைனில் இருக்கிறது. அங்கே அது பொருத்தம், ஏனென்றால் தமிழ் விக்கிப்பீடியா ஆங்கிலத்தின் மொழிபெயர்ப்பு இல்லை. தனிக் கட்டுரைகள், தனி நிர்வாகிகள், தனி விதிகள். தனி வீடு என்பதால் தனி வாசல்.

நம் ஆப் அப்படியா? ஒரே டாக்டர் பட்டியல், ஒரே முன்பதிவு, மேலே இருக்கும் எழுத்து மட்டும் மூன்று மொழியில். இதற்கு மூன்று சப்டொமைன் வைத்தால், பிரவுசரின் கண்ணில் மூன்றும் வெவ்வேறு ஆரிஜின், அதாவது தனித்தனித் தளம். லாகின் குக்கியை மேல் டொமைனுக்கு வைக்க வேண்டும். பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் வைத்த பாதி நிரப்பிய படிவம், மொழியை மாற்றியதும் காணாமல் போகும். கூகுள் லாகின் வைத்திருந்தால் திரும்பிவரும் முகவரி ஒவ்வொன்றையும் பதிவு செய்ய வேண்டும். ஹோம் ஸ்கிரீனில் ஆப்பாகச் சேர்த்தால் மூன்று ஆப். ஒவ்வொன்றும் தீர்க்கக்கூடியதுதான், ஆனால் இத்தனையையும் தீர்த்து நமக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. மொழிக்கு ஒரு அணி, தனி சர்வர், தனி உள்ளடக்கம் என்று இருக்கிறவர்கள் மட்டும் இந்தப் பக்கம் போகலாம்.

தனி டொமைன் என்பது நாட்டுக்கானது. விலை, பணம், சட்டம், டெலிவரி எல்லாம் நாட்டுக்கு நாடு மாறுகிற அமேசான் போன்றவர்களுக்குச் சரி. தமிழுக்கு அது எப்படிப் பொருந்தும்? இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாலு நாட்டில் வாழும் மொழி இது. (.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே மேல்நிலை டொமைன்கள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. பார்க்கும்போது மனசுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் அவையும் நாட்டைத்தான் குறிக்கின்றன.)

பாதையில் முன்னொட்டு

டொமைனுக்கு அடுத்து ஒரு சாய்கோடு, பிறகு டிஏ, பிறகு மற்றதெல்லாம். நாங்கள் கடைசியில் வந்து சேர்ந்தது இங்கே. ஒரே ஆரிஜின், ஒரே குக்கி, ஒரே சான்றிதழ். கேஷுக்குக் குழப்பம் இல்லை. சர்வர் பதிவைப் பார்த்தால் எந்த மொழியில் எத்தனை பேர் வந்தார்கள் என்பது யூஆர்எல்லிலேயே தெரியும். முக்கியமாக, அம்மாவுக்கு அனுப்பிய லிங்க் அம்மாவுக்கும் தமிழில் திறக்கும்.

குறியீடா, முழுப் பெயரா என்று ஒரு சின்ன விவாதம் எங்களுக்குள் நடந்தது. பிபிசி தன் தமிழ்ச் சேவைக்கு ‘தமிழ்’ என்ற சொல்லையே ஆங்கில எழுத்தில் பாதையில் வைத்திருக்கிறது. அங்கே அது சேவையின் பெயரும்கூட. ஆப்புக்குக் குறியீடு நல்லது. அதே டிஏ, பக்கத்தின் மொழியைச் சொல்லும் எச்டிஎம்எல்லின் ‘லாங்’ பண்புக்குப் போகும், அதைப் பார்த்துத்தான் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கும். கண் மருத்துவமனைத் தளத்தில் இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. மொழியோடு நாட்டையும் சேர்ப்பது மோசில்லாவின் எம்டிஎன், மைக்ரோசாஃப்ட் லேர்ன் போன்ற ஆவணத் தளங்களின் பழக்கம். இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் உண்மையிலேயே தனித்தனிப் பக்கம் எழுதப் போகிறீர்கள் என்றால் அப்படிச் செய்யுங்கள். இல்லையென்றால் வெறும் டிஏ போதும்.

மொழிக் குறியீடும் நாட்டுக் குறியீடும் ஒரே மாதிரி இருந்து ஏமாற்றும். எம்எல் என்றால் மொழியில் மலையாளம், நாட்டில் மாலி. கேஎன் என்றால் கன்னடம்; நாட்டில் செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ். எங்கள் அணிப் பையன் ஒருவர் மொழிப் பட்டனில் கொடி காட்டும் லைப்ரரி ஒன்றைப் போட, மலையாளத்துக்குப் பக்கத்தில் மாலி நாட்டுக் கொடி பறந்தது. மொழிக்குக் கொடி வேண்டாம். அந்தந்த மொழியின் பெயரை அந்தந்த எழுத்திலேயே எழுதினால் போதும்.

இயல்பு மொழிக்கு முன்னொட்டு உண்டா?

உண்மையான முடிவு இங்கேதான் இருக்கிறது. மற்ற மொழிகளுக்கு மட்டும் முன்னொட்டு வைத்து, இயல்பு மொழியை வெறுமனே விடலாம். ஜாங்கோ என்ற வெப் ஃபிரேம்வொர்க்கில் இதற்கென்று 1.10 பதிப்பிலிருந்து ஒரு அமைப்பு இருக்கிறது. நக்ஸ்ட்டின் மொழி மாட்யூல், நெக்ஸ்ட்-இன்டில் போன்ற கருவிகளிலும் உண்டு. பழைய யூஆர்எல் எதுவும் உடையாது, அச்சடித்த க்யூஆர் குறியீடுகள் வேலை செய்யும், முகவரியும் சின்னதாக இருக்கும். இதெல்லாம் நல்ல காரணங்கள்தான்.

ஆனாலும் நான் எதிர்க்கட்சி. முன்னொட்டு இல்லாத முகவரிக்கு அப்போது இரண்டு அர்த்தம் வந்துவிடுகிறது: ‘இது ஆங்கிலப் பக்கம்’ என்று ஒன்று, ‘மொழி இன்னும் முடிவாகவில்லை’ என்று இன்னொன்று. குக்கியில் தமிழ் வைத்திருக்கும் ஒருவருக்கு நண்பர் ஆங்கிலப் பக்கத்தின் லிங்க்கை வேண்டுமென்றே அனுப்புகிறார். ஆப் என்ன செய்ய வேண்டும்? தமிழுக்குத் திருப்பினால் நண்பர் அனுப்பியதை அவரால் பார்க்கவே முடியாது. திருப்பாவிட்டால், தமிழ் தேர்ந்தவர் முகப்புக்கு வரும்போதெல்லாம் ஆங்கிலமே வரும். ஒரே முகவரியில் இரண்டு வேலையை வைத்ததால் வந்த வினை இது. நாளைக்கு இயல்பு மொழியைத் தமிழாக்க மருத்துவமனை முடிவெடுத்தால், இன்று ஆங்கிலம் காட்டிய அத்தனை முகவரியும் நாளை தமிழ் காட்டும். ஏற்கனவே பகிர்ந்த லிங்க்குகள் எல்லாம் பொய்யாகிவிடும்.

எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆங்கிலம் வீட்டுக்காரர், தமிழும் மலையாளமும் விருந்தாளிகள் என்கிற எண்ணம் அந்த ரௌட்டரிலிருந்து கோட் முழுக்கப் பரவும். டெஸ்ட் செய்கிறவர் வெறும் முகவரியை அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். தமிழ்ப் பக்கம் உடைந்திருப்பது நோயாளி சொல்லித்தான் தெரியவரும். மூன்றுக்கும் முன்னொட்டு வைத்த பிறகு எங்கள் டெஸ்ட்கள் மூன்று மொழியிலும் ஓடத் தொடங்கின. யாரும் தனியாகச் சொல்லவில்லை. பட்டியலில் மூன்றும் ஒரே வரிசையில் இருந்ததால் தானாக நடந்தது.

அதனால் புதிய ஆப் என்றால் எல்லா மொழிக்கும் முன்னொட்டு. பழைய தளம், ஆயிரக்கணக்கான லிங்க் வெளியே சுற்றுகிறது என்றால் நாங்கள் செய்ததைச் செய்யலாம்: முன்னொட்டு இல்லாத பழைய பக்கங்களை இஎன் முன்னொட்டுக்கு 301 ரீடைரக்ட் செய்வது, அதாவது நிரந்தரமாகத் திருப்பிவிடுவது. ஓபி சீட்டின் பின்னால் அச்சடித்திருந்த க்யூஆர் குறியீடு இன்றும் வேலை செய்கிறது. ஆங்கிலப் பக்கத்தின் தலையில் ‘இதைத் தமிழில் படிக்க’ என்று ஒரு வரி இருக்கும், அதே பக்கத்தின் தமிழ் வடிவத்துக்கு.

வெறும் டொமைன், அதாவது முகப்பு மட்டும், மொழியைக் கணிக்கலாம். முதலில் குக்கி, பிறகு ஹெடர், பிறகு இயல்பு மொழி. இந்த ஒரு ரீடைரக்ட் தற்காலிகமான 302-ஆக இருக்க வேண்டும். 301 வைத்தால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு மொழியை மாற்றினாலும் பழைய இடத்துக்கே கொண்டுபோகும். யூஆர்எல்லில் மொழி இருந்துவிட்டால் வேறு எதையும் பார்க்கவே கூடாது. குக்கி என்ன சொன்னாலும் யூஆர்எல் சொன்னதுதான்.

தமிழ் ஸ்லக் வேண்டுமா?

பாதையின் மீதியையும், அதாவது பக்கத்தின் பெயரைச் சொல்லும் ஸ்லக்கையும், தமிழில் எழுதலாமா என்று மருத்துவமனைத் தரப்பில் ஆசையாகக் கேட்டார்கள். எனக்கும் ஆசைதான். கணக்குப் பார்த்தோம். ‘தமிழ்’ என்ற சொல்லில் யூனிகோடு கணக்கில் ஐந்து குறிகள்: த, ம, இகர விசிறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட். யூஆர்எல்லில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகும். ஆக ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லுக்கு 45 எழுத்து. முகவரிப் பட்டையில் அழகாகத் தமிழில் தெரியும்; காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகள் சரம் சரமாக வந்து விழும். பார்ப்பவர் ஏதோ வைரஸ் என்று நினைப்பார். தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றில் அடங்குவதே 70 எழுத்து. அதில் 45-ஐ ஒரு சொல்லுக்குக் கொடுக்க முடியாது. டிஏ முன்னொட்டுக்குச் செலவு மூன்றே எழுத்து.

இன்னொரு நுணுக்கம்: ‘கொ’ என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு. என்எஃப்சி என்ற யூனிகோடு முறையில் ஒரே வடிவமாகச் சீராக்காமல் ஒப்பிட்டால் பக்கம் கிடைக்கவில்லை என்று வரும். செய்தித் தளம், வலைப்பூ என்றால் இந்தச் சிரமத்தைப் பட்டுத் தமிழ் ஸ்லக் வைப்பதை நான் மதிக்கிறேன். ஆப்புக்கு மூன்று மொழியிலும் ஒரே ஸ்லக், முன்னொட்டு மட்டும் மாறும் என்று வைத்துக்கொண்டோம். மொழிப் பட்டனின் வேலையும் சுலபமாகிவிட்டது. முகப்புக்குத் தூக்கிக்கொண்டு போகாமல், படித்துக்கொண்டிருந்த அதே பக்கத்தின் இன்னொரு மொழிக்குப் போகிறது.

கோடில் கவனிக்க வேண்டியவை

முன்னொட்டை ஒட்டுவது ஒரே இடத்தில் நடக்க வேண்டும். ஜாங்கோவில் ஐ18என்-பேட்டர்ன்ஸ் வைத்தால், லிங்க்கை உருவாக்கும் ரிவர்ஸ் தானாகவே ஒட்டிவிடும். ரெயில்ஸ் என்ற ஃபிரேம்வொர்க்கில் அதே வேலைக்கு ஸ்கோப்பும் டிஃபால்ட் யூஆர்எல் ஆப்ஷன்ஸும். டெம்ப்ளேட்டில் கையால் எழுதிய லிங்க் ஒன்று இருந்தாலும் அது மொழியைக் கைவிடும். அப்படிக் கையால் எழுதியவற்றைத் தேடி எடுக்கவே எங்களுக்கு இரண்டு நாள் ஆனது.

பின்னணியில் ஓடும் வேலைகளை மறந்துவிடாதீர்கள். அப்பாயின்ட்மென்டுக்கு முந்தைய நாள் போகும் எஸ்எம்எஸ்ஸை ஒரு வொர்க்கர் தயாரிக்கிறது. அங்கே யாருடைய ரெக்வெஸ்ட்டும் இல்லை, அதனால் மொழியும் இல்லை. வாசகம் தமிழில், லிங்க் இஎன் என்று ஒரு வாரம் போயிருக்கிறது. நோயாளியின் பதிவிலேயே மொழியைச் சேமித்து, செய்தி தயாராகும் அந்த நேரத்துக்கு மட்டும் மொழியை அதற்கு மாற்றி, முடிந்ததும் திருப்பி வைத்துவிட வேண்டும். திருப்பி வைக்காமல் விட்டால் அடுத்த நோயாளிக்கு இவருடைய மொழி ஒட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் முன்னொட்டு என்றால் உண்மையிலேயே எல்லாவற்றுக்கும் இல்லை. ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் முகவரிகள்), படங்கள், ஸ்டைல் ஃபைல்கள், ரோபாட்ஸ் ஃபைல், சைட்மேப் இவற்றுக்கு வேண்டாம். கட்டண நிறுவனம் நம் சர்வரைக் கூப்பிடும் முகவரிக்கு வேண்டவே வேண்டாம். முன்னொட்டு இல்லாத எதையும் ரீடைரக்ட் செய் என்று நாங்கள் எழுதிய விதி அந்த அழைப்பையும் பிடித்துக்கொண்டது. அவர்கள் அனுப்பியது தகவலைச் சுமந்து வரும் போஸ்ட் அழைப்பு, நாங்கள் கொடுத்தது ரீடைரக்ட். பணம் செலுத்திய தகவல் எங்களுக்கு வந்து சேரவில்லை. பணம் போய்விட்டது, பதிவு மட்டும் ‘காத்திருப்பில்’ என்று நின்றது. பதினோரு பேரை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டோம். இப்போது அந்த விதி கெட் அழைப்புகளுக்கு மட்டும், அதுவும் நமக்குத் தெரிந்த பக்கங்களுக்கு மட்டும்.

ஒரு பக்கத்தின் மற்ற மொழி வடிவங்களைத் தேடுபொறிக்குச் சொல்லும் ஹெச்ரெஃப்லாங் குறிச்சொற்களைப் பற்றி ஒன்று. தமிழ்ப் பக்கம் மலையாளப் பக்கத்தைச் சுட்டினால், மலையாளப் பக்கமும் தமிழைத் திரும்பச் சுட்ட வேண்டும். இல்லையென்றால் கூகுள் கணக்கில் எடுக்காது. எந்த மொழியும் பொருந்தாதவர்களுக்கான எக்ஸ்-டிஃபால்ட் என்பதை மொழி கணிக்கும் முகப்புக்குக் கொடுக்கலாம்.

மொழிபெயர்ப்பு இன்னும் வராத பக்கங்கள்தான் எங்களுக்கு மீதி. டிஏ முன்னொட்டின் கீழ் சத்தமில்லாமல் ஆங்கிலத்தைக் காட்டுவதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. தலைப்பும் மெனுவும் தமிழில் இருக்கட்டும், ‘இந்தப் பக்கம் இன்னும் தமிழில் வரவில்லை’ என்று மேலே ஒரு வரி இருக்கட்டும், அதன் கீழே ஆங்கிலப் பகுதிக்கு இஎன் என்ற லாங் பண்பு கொடுத்துவிடலாம், ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலத்தைத் தமிழ்க் குரலில் திணறிப் படிக்காமல் இருக்க. அந்த வரிக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி போன் நம்பரையும் போட்டிருக்கிறோம். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாளைப் பற்றிய பக்கம் மட்டும் மூன்று மொழியிலும் தயாராகாமல் எந்தப் புதிய பதிப்பும் வெளியே போகாது; அதற்கென்று ஒரு டெஸ்ட் எழுதி வைத்திருக்கிறோம்.